சிந்துவின் ஓடத்துறை: ஹுண்ட் என்ற பஷ்தூன் கிராமம்

பாகிஸ்தானின் கைபர் பக்தூன்க்வா மாகாணத்தில், சுவாபி மாவட்டத்தின் தென்கோடியில், சிந்து நதியின் வலது கரையில் இருக்கிறது ஹுண்ட். அட்டக் கோட்டையிலிருந்து ஆற்றோடு மேலே போனால் சுமார் 24 கிலோமீட்டர். புகையிலையும் மக்காச்சோளமும் விளையும் வயல்கள், ஒரு பழைய சதுரக் கோட்டையின் சிதைந்த சுவர், அதற்குள்ளும் வெளியிலுமாக வீடுகள், தெற்கே கரையை அரித்துக்கொண்டே ஓடும் ஆறு. வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காபூலுக்கும் பஞ்சாபுக்கும் இடைப்பட்ட நாட்டின் தலைநகரம் இது.

அன்றைய பெயர் உதபாண்டபுரம். 'உத' என்றால் நீர். 'பாண்டம்' என்ற சொல்லை நமக்கு விளக்கத் தேவையில்லை, வடமொழியிலிருந்து வந்து நம் அடுக்களையிலேயே தங்கிவிட்ட சொல். நீர்ப்பாண்டத்தின் நகரம். கல்ஹணர் எழுதிய காஷ்மீர வரலாறான ராஜதரங்கிணியில் உதபாண்டபுரம் என்றே வருகிறது. அரபு, பாரசீக எழுத்தாளர்கள் வைஹிந்த் என்றார்கள். அது ஓஹிந்த் ஆகி, உண்ட் ஆகி, இன்று ஹுண்ட். பெயர் தேய்ந்த வேகத்திலேயே ஊரும் தேய்ந்தது. ஹுண்டை வளர்த்தது வளமான மண்ணோ அரசர்களின் ஆசையோ அல்ல. ஆற்றைக் கடக்க வசதியான இடம் என்ற ஒரே காரணம்தான். கடப்பவர்கள் வேறு துறைக்கு மாறியதும் ஊர் சுருங்கிவிட்டது.

ஏன் இந்த இடம்? இதற்கு நிலப்படத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சிந்து, தர்பேலா அருகே மலையை விட்டு வெளியே வருகிறது. அதுவரை குறுகிய பள்ளத்தாக்கில் சீறி வந்த ஆறு, சமவெளியைக் கண்டதும் பல கிளைகளாகப் பிரிந்து பரவுகிறது. நடுவே மணல் திட்டுகளும் புல் மண்டிய தீவுகளும். இந்தத் தீவுகளை அங்கே 'பேலா' என்பார்கள். பிறகு அட்டக்கில் மறுபடியும் பாறைகளுக்கு நடுவே நெருக்கப்படுகிறது. அட்டக்குக்குச் சற்று மேலே மேற்கிலிருந்து காபூல் ஆறு வந்து கலக்கிறது. ஆக, ஹுண்ட் இருப்பது ஆறு அகன்று, ஆழம் குறைந்து, இன்னொரு ஆற்றின் நீர் சேர்வதற்கு முந்தைய பகுதியில்.

பனி உருகும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சிந்துவில் நீர் உச்சத்தில் இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அதன் சிறு பங்குதான் ஓடும். அணைகள் வருவதற்கு முன், குளிர்கால மாதங்களில் ஹுண்டுக்குப் பக்கத்தில் குதிரையோடு இறங்கி நடந்தே கடக்கக்கூடிய இடங்கள் தென்பட்டன. காபூல் ஆறு கலந்த பிறகு கீழே எங்கும் அப்படி இறங்க முடியாது. அங்கே படகு வேண்டும், அல்லது பாலம் வேண்டும்.

இதைவிட முக்கியமானது சாலை. காபூலிலிருந்து கிழக்கே வருபவருக்கு இரண்டு வழிகள். ஒன்று காபூல் ஆற்றுக்கு வடக்கே: புஷ்கலாவதி, அதாவது இன்றைய சார்சத்தா, அங்கிருந்து அசோகரின் கரோஷ்டி எழுத்துக் கல்வெட்டுகள் இருக்கும் ஷாபாஸ்கடி, அங்கிருந்து ஹுண்ட், ஆற்றைக் கடந்தால் தட்சசீலம். மற்றொன்று காபூல் ஆற்றுக்குத் தெற்கே: கைபர் கணவாய், பெஷாவர், நவ்ஷெரா, அட்டக். வடக்கு வழியில் வந்தவர் காபூல் ஆறு சிந்துவில் விழும் இடத்துக்குப் போகவே வேண்டாம், மேலேயே சிந்துவைக் கடந்துவிடலாம். புஷ்கலாவதி பெரிய ஊராக இருந்தவரை ஹுண்ட் செழித்தது. பெஷாவர் தலையெடுத்தபோது அட்டக் எழுந்தது. அரசியல் வரலாற்றின் பாதிக் கதை இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும்.

கி.மு. 326 வசந்தத்தில் அலெக்சாந்தர் சிந்துவைக் கடந்தார். கடந்த இடம் ஹுண்டா அட்டக்கா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். ஹுண்ட் பக்கம்தான் நியாயம் அதிகம். அவருடைய படைத்தலைவர்கள் ஹெஃபாயிஸ்தியோனும் பெர்டிக்காஸும் முன்னதாகவே புஷ்கலாவதி வழியாக வந்து, ஆற்றில் பாலம் கட்டி வைத்துக் காத்திருந்தார்கள். அந்தச் சாலை நேராக வந்து முடிவது ஹுண்டில். ஆற்றங்கரையில் அலெக்சாந்தர் கடந்ததை நினைவுகூரும் சின்னம் ஒன்று இப்போது நிற்கிறது. பக்கத்திலேயே அருங்காட்சியகமும் இருக்கிறது.

அந்தப் பாலம் எப்படிக் கட்டப்பட்டது என்பதில், ரோமானியர் காலத்தில் அலெக்சாந்தரின் வரலாற்றை எழுதிய கிரேக்கர் அரியான் நேர்மையாக நடந்துகொள்கிறார். தன் மூல ஆசிரியர்கள் இருவருமே அதைச் சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். கால அவகாசம் குறைவு, அதனால் படகுகளை வரிசையாக நிறுத்திக் கட்டிய பாலமாகத்தான் இருக்கும் என்று ஊகித்து, தன் காலத்து ரோமானியர் அதை எப்படிச் செய்வார்கள் என்று விளக்குகிறார். படகை நீரோட்டத்தோடு மிதக்க விட்டு, பாலம் வர வேண்டிய இடத்துக்கு வந்ததும் அதன் முனையிலிருந்து பிரம்பில் பின்னிய கூம்புக் கூடைகளைக் கீழே இறக்குவார்கள். கூடை நிறையக் கரடுமுரடான கல். அதுதான் நங்கூரம். முதல் படகு நின்றதும் இரண்டாவது, அதன்மேல் நீளப்பலகை, குறுக்கே மற்றொரு பலகை அடுக்கு. நங்கூரமாக ஒரே பெரிய கல்லைக் கட்டினால் அது மணலில் உருண்டு நகரும். கூடை கொஞ்சம் அமுங்கி, அடி மண்ணோடு பிடித்துக்கொள்ளும். சிந்துவின் அடிமட்டம் கூழாங்கல்லும் மணலும் கலந்தது என்பதால் இந்த வேறுபாடு சின்ன விஷயமில்லை. இன்னொன்று: இங்கே கட்டிய படகுகளைப் பிறகு துண்டுகளாகக் கழற்றி, சிறியவற்றை இரண்டாகவும் முப்பது துடுப்புப் படகுகளை மூன்றாகவும் பிரித்து, வண்டியில் ஏற்றி ஜீலம் நதிக்குக் கொண்டுபோனார்கள். போரஸுடன் நடந்த போரில் ஆற்றைக் கடக்க உதவியவை அவைதான்.

அரசர்களுக்குப் பாலம், ஊராருக்குத் தோல். ஆட்டையோ மாட்டையோ வயிற்றைக் கீறாமல், உறையைக் கழற்றுவதுபோல் தோலை முழுதாக உரிப்பார்கள். பதப்படுத்திய பிறகு கழுத்தையும் மூன்று கால்களையும் இறுகக் கட்டி, நான்காவது கால் வழியாக வாயால் ஊதி அடைப்பார்கள். ஆள் அதன்மேல் குப்புறப் படுத்து, காலால் உதைத்துப் போவான். பல தோல்களைச் சேர்த்து மேலே மரச்சட்டமோ கயிற்றுக் கட்டிலோ கட்டினால் அது 'ஜாலா', சுமை ஏற்றும் தெப்பம். ஒரு ஆட்டுத்தோலில் 30 லிட்டர் காற்று பிடிக்கும் என்று வைத்தால் அது ஏறக்குறைய 30 கிலோவைத் தாங்கும். ஒரு ஆளும் அவன் மூட்டையும் போக மூன்று நான்கு தோல் வேண்டும். மாட்டுத்தோல் என்றால் ஒன்றே போதும்.

இதில் ஆபத்து தோலிலேயே இருக்கிறது. காய்ந்த தோல் சுருங்கித் தையல் வழியே காற்றை விடும். அதனால் ஊதுவதற்கு முன் ஊறவைக்க வேண்டும். ஊறிய தோலை அப்படியே மூலையில் போட்டால் அழுகும். கட்டு தளர்ந்தால் நடு ஆற்றில்தான் தெரியும். மற்றொரு சிக்கல் நீரோட்டம். ஆறு நொடிக்கு 2 மீட்டர் ஓடுகிறது, மிதப்பவன் குறுக்கே நொடிக்கு அரை மீட்டர் நகர்கிறான், கிளையின் அகலம் 300 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அக்கரை சேர 10 நிமிடம். அதற்குள் ஆறு அவனை 1,200 மீட்டர் கீழே கொண்டுபோய்விடும். திரும்பி வருபவன் அந்தத் தொலைவைக் கரையோடு மேலே நடந்து, இன்னும் மேலே போய் இறங்க வேண்டும். துறை என்றால் ஒரு புள்ளி இல்லை, கரை நெடுக நீளும் ஒரு பட்டை. ஹுண்டுக்கு அந்த நீளம் இரு கரையிலும் உண்டு. அட்டக்கில் அப்படித் தள்ளப்பட்டால் கமாலியா, ஜலாலியா என்ற பாறைகளும் அவற்றின் சுழல்களும் காத்திருக்கும்.

இந்தக் காட்சியைத் தினமும் பார்த்து வளர்ந்திருக்கக்கூடிய ஒருவரை நாம் எல்லோரும் அறிவோம். பாணினியின் ஊர் சலாதுரம். அது ஹுண்டுக்கு வடமேற்கே சில கிலோமீட்டரில் இருக்கும் இன்றைய லாஹோர். பஞ்சாபின் பெரிய லாகூர் அல்ல. குழப்பம் வராமல் இருக்க இதைச் சோட்டா லாஹோர் என்பார்கள். அவருடைய இலக்கண நூலான அஷ்டாத்யாயியின் நான்காம் அத்தியாயத்தில் 'தரதி', 'அதனால் கடக்கிறான்' என்ற பொருளில் விகுதி சேர்க்கும் சூத்திரம் இருக்கிறது (4.4.5). அடுத்த சூத்திரமே 'கோபுச்சம்', மாட்டு வால்: மாட்டின் வாலைப் பிடித்து ஆற்றைக் கடப்பவனுக்கு ஒரு சொல்லை ஆக்கித் தருகிறது. அதற்கடுத்து 'நௌ', படகு: படகால் கடப்பவன் நாவிகன். சற்றுத் தள்ளி 4.4.16-ல் 'பஸ்த்ரா', தோற்பை; அதைக் கொண்டு சுமந்து போகிறவனுக்கு ஒரு சொல். இலக்கணத்தில் மாட்டு வாலுக்குத் தனிச் சூத்திரம் ஏன் என்று வகுப்பறையில் கேட்டால் விடை கிடைக்காது. சிந்துக் கரையில் கேட்டால் கிடைக்கும்.

7-ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் இங்கே இரண்டு முறை வந்தார். நகரத்தின் சுற்றளவு 20 லி (லி என்பது சீனத் தொலைவு அளவு) என்றும், தெற்குப் பக்கம் சிந்துவை ஒட்டியது என்றும், செல்வர்கள் நிறைந்தது, அரிய பொருள்கள் குவிவது என்றும் எழுதினார். 20 லி வடமேற்கே சலாதுரத்தில் பாணினியின் சிலையைப் பார்த்ததையும் குறித்துவைத்தார். ஊர் திரும்பும்போது, 643-ஐ ஒட்டி, ஆற்றை யானைமேல் கடந்தார். சுவடிகளையும் இந்தியப் பூச்செடி விதைகளையும் படகில் ஏற்றி, காவலுக்கு ஓர் ஆளை வைத்திருந்தார். நடு ஆற்றில் காற்று கிளம்பி அலை புரட்ட, படகு ஆடி, காவலன் பயந்து நீரில் விழுந்தான். அவனைக் காப்பாற்றிவிட்டார்கள். 50 சுவடிகளும் விதைகளும் போய்விட்டன. உதபாண்டத்தில் அப்போது தங்கியிருந்த, காபூலுக்கு வடக்கே இருந்த கபிசை நாட்டின் அரசர் கரைக்கே வந்து விசாரித்தாராம்: 'விதைகள் ஏதும் கொண்டுவந்தீர்களா? அதுதான் காரணம், பூ விதையோடு கடக்க முயல்பவர்களுக்கு இப்படித்தான் ஆகும்.' துறவி அங்கேயே 50 நாள் போலத் தங்கி, தொலைந்த சுவடிகளை மறுபடி எழுதிவர ஆட்களை உத்தியானத்துக்கு, அதாவது ஸ்வாத்துக்கு, அனுப்பினார். துறை ஊர்களில் நம்பிக்கையும் தொழில் அறிவும் எப்படிக் கலந்து கிடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

9-ஆம் நூற்றாண்டில் காபூலில் ஆண்ட இந்து ஷாஹி அரசர்கள், 870-ல் கிழக்கு ஈரானின் சஃபாரித் வம்சத் தலைவன் யாகூபிடம் காபூலை இழந்தபின் இங்கே நிலைகொண்டார்கள். அடுத்த நூற்றைம்பது ஆண்டு இந்த ஊருக்குப் பொற்காலம். காஷ்மீர அரசியலில் இவர்களின் கை நீண்டது. காஷ்மீரத்தை ஆண்ட திட்டா ராணி, ஷாஹி அரசன் பீமனின் பேத்தி. அவர்களின் வெள்ளிக் காசு ஏறக்குறைய 3.3 கிராம். ஒரு பக்கம் படுத்திருக்கும் காளை, அதன் பின்தொடையில் திரிசூலக் குறி. மறுபக்கம் ஈட்டி ஏந்திய குதிரைவீரன். காளைக்கு மேலே 'ஸ்ரீ ஸ்பலபதி தேவ' அல்லது 'ஸ்ரீ சமந்த தேவ' என்று எழுத்து. சமந்தன் இறந்து தலைமுறைகள் கழிந்த பிறகும் அவன் பெயரிலேயே காசு அடித்தார்கள். சந்தையில் மக்கள் நம்புவது அந்தப் பெயரை. வெள்ளியின் அளவு குறைந்து செம்பு ஏறியபோதும் காளையும் குதிரையும் மாறவில்லை. கஜினி, கோரி அரசர்களும் வட இந்திய ராஜபுத்திரர்களும் இதே வடிவத்தைப் பின்பற்றினார்கள்.

முடிவு விரைவாக வந்தது. 1001 நவம்பர் 27-ல் பெஷாவர் அருகே கஜினி முகமதுவிடம் ஜெயபாலன் தோற்றுச் சிறைப்பட்டான். மீட்புப் பொருள் கொடுத்து விடுதலையாகி வந்தவன், அவமானம் தாங்காமல் சிதை மூட்டி இறந்தான். 1008 முடிவில் அவன் மகன் ஆனந்தபாலன் வைஹிந்துக்கு எதிரே, இன்றைய சச் சமவெளிப் பகுதியில் பெரும் படை திரட்டிப் போரிட்டான். அவன் ஏறியிருந்த யானை மிரண்டு திரும்பியதும் படை கலைந்தது. அடுத்த பதினெட்டு ஆண்டுகளில் பேரன் திரிலோசனபாலனும் கொள்ளுப்பேரன் பீமபாலனும் கொல்லப்பட, வம்சம் முடிந்தது. கஜினி அரசவையோடு இருந்தவரான அல்பெரூனி அந்த வம்சத்தைப் பற்றி எழுதிய வரி இன்றும் வியப்பைத் தரும்: எவ்வளவு பெரியவர்களாக இருந்தும் நல்லதையும் நியாயத்தையும் செய்வதில் அவர்கள் தளர்ந்ததே இல்லை என்கிறார். வென்றவன் பக்கத்தில் இருந்துகொண்டு தோற்றவனைப் பற்றி இப்படி எழுத மனம் வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திவிட வேண்டும். இன்று ஹுண்டில் வாழும் பஷ்தூன்கள் ஷாஹி காலத்திலிருந்தே இருப்பவர்கள் அல்லர். யூசுப்சாய் குலத்தார் காபூல் பகுதியிலிருந்து விரட்டப்பட்டு 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பெஷாவர் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். அப்போது அங்கே இருந்த தில்சாக் குலத்தாரைச் சிந்துவுக்கு அப்பால் தள்ளினார்கள். வந்தவர்களில் ஒரு கிளை மலைநாடான ஸ்வாத், புனேர், தீர் பக்கம் போயிற்று. மந்தன்ர் கிளைக்குச் சமவெளி கிடைத்தது. சுவாபியும் மர்தானும் அந்தச் சமவெளி. பாபர் 1519-ல் இந்தப் பக்கம் வந்தபோது சுவாபிப் புதர்க்காட்டில் காண்டாமிருகம் வேட்டையாடினார் என்பதை இப்போதைய வயல்களைப் பார்த்து நம்புவது கடினம்.

நிலம் பங்கிட்ட முறைதான் இவர்களின் சமூகத்தைப் புரிந்துகொள்ளச் சாவி. ஷேக் மாலி என்பவர் வகுத்ததாகச் சொல்லப்படும் ஏற்பாடு இது. குலத்துக்குக் கிடைத்த நிலம் முழுவதும் 'தஃப்தர்'. அதில் பங்குள்ளவன் 'தஃப்தரி'. அவன்தான் முழுப் பஷ்தூன், ஜிர்கா என்ற ஊர்க்கூட்டத்தில் அவனுக்குத்தான் பேச்சு. பங்கு நிலையானது, நிலம் நிலையானது அல்ல. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை சீட்டுப்போட்டு நிலத்தை மாற்றிக்கொள்வார்கள். இதற்குப் பெயர் 'வேஷ்'. ஆற்றோர நிலம், கிணற்றுப் பாசன நிலம், வானம் பார்த்த 'லல்மி' நிலம் என்று தரம் பிரித்து, ஒவ்வொரு தரத்திலும் எல்லாக் கிளைக்கும் துண்டு விழும்படி வகுப்பார்கள். சில இடங்களில் ஊரையே மாற்றிக்கொண்டு, வீட்டைக் காலி செய்து அடுத்த ஊருக்குக் குடிபோனார்கள்.

நியாயமான ஏற்பாடுதான். ஆற்றங்கரையில் இதன் அருமை இன்னும் கூடும். சிந்து ஒரு வெள்ளத்தில் ஒரு கிளையின் வயலைத் தின்று, எதிரே ஒரு பேலாவை எழுப்பிவிடும். நஷ்டம் ஒருவன் தலையிலேயே விடியாமல் வேஷ் அதைப் பகிர்ந்தது. ஆனால் இதில் பெரிய ஓட்டை உண்டு. சில ஆண்டுகளில் அடுத்தவனுக்குப் போகப்போகும் நிலத்தில் எவன் கிணறு வெட்டுவான்? எவன் மரம் நடுவான்? 1870-களில் ஆங்கிலேயர் நிலவரித் தீர்வு செய்து, அன்று யார் கையில் எது இருந்ததோ அதையே உரிமையாக எழுதிக்கொண்டதும் சமவெளியில் வேஷ் முடிந்தது. கிணறுகள் வந்தன. கூடவே, பங்காளிச் சண்டைக்கு நிரந்தர எல்லைக்கல்லும் கிடைத்தது. பஷ்தோவில் 'தர்பூர்' என்றால் தந்தையின் சகோதரன் மகன். அதே சொல் எதிரி என்ற பொருளையும் தாங்கும். பாட்டனின் ஒரே நிலத்துக்கு உரிமை கோருபவன் அவன்தானே.

தஃப்தரிகள் மட்டும் ஊராகிவிட மாட்டார்கள். மதப்பணி செய்யும் சையத், மியான் குடும்பங்களுக்கு வேஷுக்கு உட்படாத 'சேரி' நிலம் கொடுத்தார்கள். பெரும்பாலும் அது இரண்டு பகைக் கிளைகளின் எல்லையில் அமைந்தது. நடுவர் நடுவில் இருக்கட்டும் என்ற கணக்கு. குத்தகைக்கு உழுபவர், தச்சர், கொல்லர், நெசவாளர், குயவர், நாவிதர் ஆகியோருக்கு அறுவடையில் தானியப் பங்கு. படகும் தோலும் ஜாலாவான், மல்லா என்று அழைக்கப்பட்டவர்களின் கையில். இவர்கள் யாருக்கும் ஜிர்காவில் இடமில்லை. ஊரைப் பிழைக்கவைத்த துறைத்தொழில், ஊரின் மதிப்பு வரிசையில் அடியில் இருந்தது. கடைகளை நடத்திய இந்து, சீக்கியக் குடும்பங்கள் 1947-ல் போய்விட்டன.

ஆண்களின் பொது இடம் 'ஹுஜ்ரா': விருந்தினர் தங்க, வழக்குப் பேச, ரபாப் என்ற நரம்பு வாத்தியம் கேட்க. பெண்களுக்கு அதற்கு இணையாக இருந்தது 'கூதர்'. இந்தச் சொல் நம் 'துறை'யைப் போலவே இரண்டு வேலை செய்கிறது: ஆற்றைக் கடக்கும் இடமும் அதுதான், தண்ணீர் மொள்ளும் இடமும் அதுதான். பஷ்தோ நாட்டுப்பாடலான தப்பா, முதல் அடியில் 9 அசையும் இரண்டாம் அடியில் 13 அசையுமாக இரண்டே அடி. அதில் பாதிக் காதல் கூதர் கரையில்தான் நடக்கிறது, ஏனென்றால் வீட்டை விட்டுப் பெண் தனியாக வெளியே வரும் நேரம் அது ஒன்றுதான். கைப்பம்பு வந்ததும் குடம் சுமக்கும் சிரமம் போயிற்று. வெளியே வரும் நேரமும் போயிற்று.

1581-ல் அக்பர் அட்டக்கில் கோட்டை கட்டத் தொடங்கினார். காபூலில் இருந்த தம்பியையும், அடங்காத யூசுப்சாய்களையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்கத் தோதான இடம் அது. படகுப் பாலம், சுங்கம், சாலை எல்லாம் அங்கே போயின. ஹுண்டில் நிற்கும், நான்கு பக்கமும் வாசல் வைத்த சதுரக் கோட்டையும் அக்பர் காலத்தது என்பார்கள். ஆனால் அது காவல் கோட்டைதான், தலைநகரம் திரும்பவில்லை.

அதன்பின் ஹுண்ட் பெரிய வரலாற்றில் தலைகாட்டியது ஒருமுறை. சீக்கியருக்கு எதிராகப் போர் தொடுக்க வந்த ரேபரேலியின் சையத் அகமது, 1827 ஜனவரி 11 அன்று இங்கே இமாமாக ஏற்கப்பட்டார். ஹுண்டின் தலைவன் காதி கான்தான் அவருக்கு இடம் கொடுத்தவன். இரண்டே ஆண்டில் உறவு முறிந்தது. மதச் சண்டையாக இதைச் சொல்வது வழக்கம். அடியில் பார்த்தால் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான உஷ்ர் வரியை யார் வாங்குவது, மணப்பெண்ணுக்கு வாங்கும் 'வல்வர்' பணத்தைத் தடுக்க வெளியாளுக்கு என்ன உரிமை, பக்கத்து ஊர் ஜைதாவின் கானுக்கு ஏன் கூடுதல் மதிப்பு என்பதுதான் பிரச்சினை. 1829-ல் சையத்தின் ஆட்கள் திடீரென்று கோட்டையைப் பிடித்து, காதி கானைக் கொன்றார்கள். விருந்து கொடுத்தவன் விருந்தினர் கையால் செத்தது பஷ்தூன் கணக்கில் எளிதில் தீரும் கடனில்லை. 1831 மே 6-ல் பாலாகோட்டில் சையத்தும் கொல்லப்பட்டார்.

ஆறு மட்டும் தன் கணக்கைத் தொடர்ந்தது. 1840-41 குளிர்காலத்தில் நங்கா பர்பத் மலையின் ஒரு சரிவு சிந்துவில் விழுந்து அடைத்தது. பின்னால் பல மாதம் ஏரி வளர்ந்தது. கீழே அட்டக் பக்கம் ஆறு வழக்கத்துக்கு மாறாக வற்றிக் கிடந்தது. ஜூனில் அடைப்பு உடைந்தது. சச் சமவெளியில் கரையோரம் முகாமிட்டிருந்த சீக்கியப் படையை நீர்ச்சுவர் வாரிக்கொண்டு போனது. ஈரத்துணியால் எறும்புக் கூட்டத்தை வழித்தெடுப்பதுபோல என்று பிழைத்த முதியவர் ஒருவர் பின்னாளில் சொன்னார். 1858 ஆகஸ்ட் 10-லும் அப்படியே: விடியற்காலையில் அட்டக்கில் நீர் மிகத் தாழ்ந்திருந்தது, பிற்பகலுக்குள் 50 அடி உயர்ந்தது. காபூல் ஆறு பின்னோக்கி ஓடி நவ்ஷெராவை மூழ்கடித்தது. பனி உருகும் பருவத்தில் சிந்து காரணமில்லாமல் வற்றினால் மேட்டுக்கு ஓட வேண்டும்; ஆறு வற்றியதே என்று பேலாவில் இறங்கி விறகு பொறுக்குவதுதான் மரணம்.

பெரிய வெள்ளம் இல்லாத ஆண்டுகளில் ஆறு கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. பழைய நகரத்தின் தென்பகுதி பெரும்பாலும் நீருக்குள் போய்விட்டது. மணலில் தங்கம் அரிப்பவர்கள் பழைய காசுகளையும் எடுத்தார்கள். அரிப்பு எளிய வேலைதான்: சாய்ந்த பலகையில் மணலையும் நீரையும் ஓடவிட்டால் லேசானது போய்க் கறுப்பு இரும்பு மணலும் தங்கத்துகளும் தங்கும், பாதரசம் சேர்த்துத் தங்கத்தைப் பிடித்து, சூடாக்கிப் பாதரசத்தை ஓட்டுவார்கள். அந்த ஆவியை மூச்சில் இழுப்பவன் கை நடுக்கத்தோடு முதுமை அடைவான். பிரச்சினை என்னவென்றால், இதே மணலில் தொல்லியல் சான்றும் இருக்கிறது. காசு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது போய்விட்டால் மிச்சமிருப்பது வெறும் உலோகம்.

இன்றைய ஹுண்டின் ஆறு பழைய ஆறு அல்ல. மேலே தர்பேலா அணை, 1970-களின் நடுவில் முடிந்தது. 143 மீட்டர் உயரம். அது வண்டலைப் பிடித்துக்கொண்டது. அதற்குக் கீழே காஜி தடுப்பணையிலிருந்து, எதிர்க்கரையில், 52 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாய் பரோத்தா மின்நிலையத்துக்குப் போகிறது. கால்வாயின் கொள்ளளவு நொடிக்கு 1,600 கன மீட்டர். மின்நிலையத்தின் திறன் 1,450 மெகாவாட். சிந்துவின் குளிர்கால ஓட்டம் இந்தக் கொள்ளளவுக்குக் குறைவு. அப்படியானால் முழு ஆற்றையும் கால்வாய் விழுங்கிவிட முடியும். காஜிக்கும் பரோத்தாவுக்கும் இடையில் ஆற்றுப்படுகையில் விட்டே ஆக வேண்டும் என்று வைத்த குறைந்தபட்ச நீர் நொடிக்கு 28 கன மீட்டர். ஹுண்ட் இருப்பது இந்த இடைவெளியில்தான்.

குளிர்காலத்தில் இப்போது அங்கே அரியான் சொன்ன கூடை நங்கூரத்துக்கு வேலையில்லை. பல இடங்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளைகளைத் தாண்டலாம். மீன் குறைந்தது, கரையோரக் கிணறுகளுக்கு ஊறும் நீர் குறைந்தது, கோடையில் உபரி திறந்துவிடும்போது மட்டும் ஆறு திடீரென்று பழைய ஆறாகும்.

2007-ல் முடிந்த பெஷாவர் – இஸ்லாமாபாத் விரைவுச்சாலை, அட்டக் பாறை நெருக்கத்தை விட்டுவிட்டு, மேலே சுவாபிக்கும் சச்சுக்கும் இடையில் சிந்துவைக் கடக்கிறது. பாலம் ஹுண்டிலிருந்து சில கிலோமீட்டர்தான். காபூல் ஆறு கலப்பதற்கு முன், பள்ளத்தாக்கு அகன்று கிடக்கும் அதே பகுதி. 6 தடங்கள் கொண்ட சாலையில் லாரிகள் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுகின்றன, யாரும் இறங்குவதில்லை.